பழைய அலுமாரிக்கு ஆணி அடிக்காதீர்கள்

மாரி தொடங்கியதும் திருகோணமலை வீடுகளில் பழைய முதிரை, தேக்கு அலுமாரிகளின் கதவு இறுகும். உடனே சீவுளி வைத்துக் கதவோரத்தைச் சீவிவிடுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் சுருங்க, அதே கதவில் இடைவெளி விழும். பிறகு "பழசு, இனி உதவாது" என்று பழைய சாமான் வாங்குபவரிடம் போய்விடும். இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

அந்தக் கதவை நன்றாகக் கவனியுங்கள். நடுப் பலகை சட்டத்தோடு ஒட்டப்படவில்லை. நான்கு சட்டங்களிலும் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், சும்மா செருகப்பட்டிருக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்கே மட்டும் ஊதும், சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை மாரிக்கும் கோடைக்கும் இடையில் சில மில்லிமீற்றர் மாறும். அதற்கான இடத்தை, அலுமாரி செய்தவர் காடிக்குள்ளேயே விட்டிருக்கிறார். கோடையில் பலகையோரம் பொலிஷ் படாத வெளிறிய கோடு தெரிந்தால் பலகை சுதந்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பசையோ ஆணியோ போட்டால் அடுத்த கோடையில் பலகை நடுவால் பிளக்கும். கதவைச் சீவுவதாக இருந்தால் கோடைவரை பொறுங்கள். அப்போதும் இறுகினால் மட்டும் சீவலாம்.

மூட்டுகளும் அப்படித்தான். ஒரு சட்டத்தின் துளைக்குள் மற்றச் சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கை, அதாவது கழுந்தை, இறக்கி, குறுக்கே மர முளை அடித்திருப்பார்கள். கழுந்தில் இருக்கும் ஓட்டை, சட்டத்தின் ஓட்டைக்கு நேரே இராது. ஒரு மில்லிமீற்றர் அளவு தோள் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் பக்கம், விலகியிருக்கும். முளை இறங்க இறங்க மூட்டு தானாக இழுபட்டு இறுகும். பசை இல்லாமலே பல தலைமுறை நிற்பது இதனால். ஆடத் தொடங்கினால் முளையை ஒடுங்கிய பக்கமிருந்து மெல்லத் தட்டி எடுத்து, உலர்ந்த வைரமரத்தில் புதிது செய்து அடித்தால் போதும். இரும்பாணி அடித்தால் நம் கடற்காற்றில் துருப்பிடித்து, துரு பெருத்து மரத்தை வெடிக்கவைக்கும். ஆணி கட்டாயம் என்றால் பித்தளைத் திருகாணி, முதலில் துளையிட்டு.

பிரம்புக் கதிரை தொய்ந்தால் உடனே பிளாஸ்டிக் பின்னலுக்கு ஓடாதீர்கள். பிரம்பு அறுந்திருக்காவிட்டால், அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து நிழலில் ஓரிரவு காயவிடுங்கள், காயும்போது இறுகும். மேற்புறப் பளபளப்பு நீரை விடாது, அதனால்தான் அடிப்பக்கம். புதிதாகப் பின்னுவதானால் ஆறு சுற்று: முன்பின்னாக ஒன்று, குறுக்கே ஒன்று, மறுபடி இவ்விரண்டும், கடைசியில் இரண்டு மூலைவிட்டம். பிரம்பை இருபது நிமிடம்வரை ஊறவைத்தால் போதும். நெடுநேரம் கிடந்தால் நிறம் கறுக்கும்.

பொலிஷ் மங்கியிருந்தால் மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அதையே மெல்லிய பூச்சாகத் திரும்பப் பூசலாம். அதை முழுதாகச் சுரண்டி வானிஷ் அடிக்கச் சொல்லும் ஓடாவியை மாற்றுவது நல்லது.