ரிசர்வ் விலையை மறைத்து வைத்துக்கொண்டு எங்களை ஏலத்துக்கு அழைக்காதீர்கள்

இணைய ஏலத்தில் பொருள் வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த ஒற்றை வரி நன்றாகத் தெரிந்திருக்கும். பொருளின் படம், அதன் கீழே இப்போதைய ஏலத் தொகை, பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘ரிசர்வ் விலை எட்டப்படவில்லை’. விற்பவர் ரகசியமாகக் குறித்துவைத்த அடிவிலைதான் அந்த ரிசர்வ்; ஏலம் அதைத் தொடாவிட்டால் அவர் பொருளை விற்க வேண்டியதில்லை. எவ்வளவு கேட்டால் எட்டும் என்பதை மட்டும் அந்த வரி சொல்லாது. கேட்டுக் கேட்டுப் பார்த்து நாமாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன்’ என்று ஒரு விலையை மனத்தில் வைத்திருப்பது விற்பவரின் உரிமை. ஆசையாய்ச் சேர்த்த பொருளை அடிமாட்டு விலைக்குக் கொடு என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த விலையையே ஆரம்ப விலையாக எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு, உண்மையான அடிவிலையை ஒளித்துவைத்து, ஒன்றுமில்லாத தொகையில் ஏலத்தைத் தொடங்கி ஆள் கூட்டுவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

‘ஒருதரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று சொல்லி முடித்தால் அதிகம் கேட்டவர் கைக்குப் பொருள் போக வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் ஏலத்துக்கே வருகிறோம். ரிசர்வ் மறைந்திருக்கும் ஏலத்தில் அதிகம் கேட்டவரும் வெறுங்கையோடு போகலாம். இதில் கேட்பவர் மட்டும்தான் கட்டுப்பட்டவர். நான் ஒரு தொகையைக் கேட்டுவிட்டால் அது வாக்குறுதி. ஜெயித்தால் பணம் கட்டியே ஆக வேண்டும். விற்பவருக்கோ கடைசி நொடி வரை எந்தக் கட்டும் இல்லை.

இந்த ஒருதலைக் கட்டு எப்படிக் கடிக்கும் என்பதை அனுபவித்தவன் நான். பழைய பிலிம் கேமரா லென்ஸ்களைத் தேடி வாங்குவது என் வழக்கம். நல்ல நிலையில், கண்ணாடியில் பூஞ்சை இல்லாமல், அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்க் கசிவு இல்லாமல் ஒரு லென்ஸ் வருவது அபூர்வம். அப்படி ஒன்று ஏலத்துக்கு வந்தபோது நான்தான் முன்னணியில் இருந்தேன். அதே நேரத்தில் வேறொருவர் அதே வகை லென்ஸை ஏலத்தில் விட்டார். இரண்டையும் ஜெயித்துவிட்டால் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டுமே என்று அந்த இரண்டாவதைத் தொடவில்லை. அது வேறு யாருக்கோ நியாயமான விலையில் போனது. நான் காத்திருந்த லென்ஸ் ‘ரிசர்வ் எட்டப்படவில்லை’ என்று விற்காமலேயே முடிந்தது. சில நாள்களில் அதே விற்பனையாளர், அதே படங்களோடு, நான் கேட்ட தொகைக்குச் சற்று மேலே நிலையான விலை போட்டு அதை மீண்டும் வைத்திருந்தார்.

அந்த விலை எங்கிருந்து வந்தது? ஏலம் கேட்ட எங்களிடமிருந்துதான். பொருளுக்கு எவ்வளவு தேறும் என்று மதிப்பிட்டுச் சொல்லத் தொழில்முறை மதிப்பீட்டாளர்கள் கூலி வாங்குகிறார்கள். நாங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வரிசை எண்ணைச் சரிபார்த்து, பழைய விற்பனை விலைகளைத் தேடி, கடைசியில் ஒரு தொகையை வெளிப்படையாகச் சொல்கிறோம். அந்த உழைப்பு முழுவதும் இலவசமாக விற்பவர் கைக்குப் போகிறது. பிறகு அவர் தனியாகப் பேரம் பேச வந்தாலும் நான் எதுவரை போனேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் எதுவரை இறங்குவார் என்பது எனக்குத் தெரியாது. எல்லா விற்பனையாளர்களும் இந்த நோக்கத்தோடுதான் ரிசர்வ் வைக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பலர் வெறும் பயத்தால் வைக்கிறார்கள். விளைவு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

1995-இல் தொடங்கிய ஈபே போன்ற தளங்களில் தானியங்கி ஏல முறை உண்டு. அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், போட்டியாளர் ஏற ஏற, நம் சார்பில் தளமே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். ஏறத்தாழ இரண்டாவதாக அதிகம் கேட்டவரின் தொகையே ஜெயித்தவர் கொடுக்கும் விலையாக அமையும். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரே 1961-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே. 1996-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்த முறையின் அழகு, மனத்தில் உள்ள விலையை அச்சமில்லாமல் சொல்லலாம் என்பது. இதற்குள் ரிசர்வ் நுழைந்தால் என்ன ஆகிறது பாருங்கள். உதாரணத்துக்கு, மற்றவர்கள் 210 டாலர் வரை கேட்டிருக்கிறார்கள். மறைந்திருக்கும் ரிசர்வ் 500. நான் 600 என்று கொடுக்கிறேன். அடுத்த கணமே விலை 500-க்குத் தாவிவிடும். எதிரே 500 கேட்ட மனிதர் யாருமே இல்லை. ஆரம்ப விலையே 500 என்று போட்டிருந்தாலும் இதைத்தான் கொடுத்திருப்பேன், உண்மைதான். ஆனால் அப்போது தெரிந்தே உள்ளே வந்திருப்பேன். 210-ஐ நம்பி நேரம் செலவழித்தவர்களும் வராமல் இருந்திருப்பார்கள்.

மறுபக்கத்தின் வாதங்களையும் பார்த்துவிடலாம். ஆரம்ப விலை குறைவாக இருந்தால்தான் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால்தான் விலை ஏறும் என்கிறார்கள். விலையுயர்ந்த பொருள்களில் இதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஈபே நாணய ஏலங்களை ஆராய்ந்து பொருளாதார ஆய்வாளர்கள் பஜாரி, ஹொர்டாச்சு இருவரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், மதிப்பு அதிகமான நாணயங்களுக்கே விற்பவர்கள் மறைமுக ரிசர்வை அதிகம் நாடுகிறார்கள் என்று காட்டினார்கள். ஆனால் ராமா கட்கர், டேவிட் லக்கிங்-ரைலி என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் தாங்களே விற்பனையாளர்களாகிச் சோதித்துப் பார்த்தார்கள். 50 ஜோடி போக்கிமான் விளையாட்டு அட்டைகளை ஈபேயில் ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மறைமுக ரிசர்வ், மற்றதற்கு அதே தொகை வெளிப்படையான ஆரம்ப விலை. 2006-இல் வெளியான முடிவு என்ன? ரிசர்வை மறைத்தபோது விற்பனையாகும் வாய்ப்பு குறைந்தது, உண்மையாக வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள், எதிர்பார்க்கக்கூடிய விலையும் இறங்கியது. அட்டைகள் விலை குறைந்தவை என்பதை மறுக்கவில்லை. இணைய ஏலத்தில் கைமாறுவதில் பெரும்பகுதியும் அப்படிப்பட்ட பொருள்கள்தானே!

கிறிஸ்டிஸ் போன்ற பெரிய ஏல நிறுவனங்களே ரிசர்வை ரகசியமாக வைத்திருக்கவில்லையா என்றும் கேட்பார்கள். வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே பட்டியலில் பொதுவாக ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்த மதிப்பீடு, அதிக மதிப்பீடு என இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும். ரிசர்வ் அந்தக் குறைந்த மதிப்பீட்டுக்கு மேல் போகாது என்பது விதி. ரகசியத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வாங்குபவர்கள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவதைத் தடுக்கவே ரகசியம் என்று ஏல அரங்குகள் சொல்லும் காரணத்திலும் நியாயம் உண்டு. முகம் தெரியாதவர்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்கும் இணைய ஏலத்தில் அந்த அச்சம் எவ்வளவு பொருந்தும்?

இப்போதெல்லாம் ரிசர்வ் உள்ள பொருளைப் பார்த்தால் கேட்பதற்கு முன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன்: ‘உங்கள் ரிசர்வ் எவ்வளவு?’ சிலர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அவர்களிடம் மனநிறைவோடு வாங்கியிருக்கிறேன். பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

ஏலத் தளங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். ரிசர்வ் கட்டாயம் வேண்டும் என்றால் ஏல அரங்குகளைப் போல ஒரு மதிப்பீட்டு வரம்பையாவது பொருளின் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். விற்காமல் முடிந்த ஒவ்வோர் ஏலத்திலும், அந்த ரிசர்வ் தொகை எவ்வளவு என்பதை, ஏலம் கேட்ட அத்தனை பேருக்கும் காட்டுங்கள். எங்கள் தொகைகளை விற்பவர் பார்க்கிறார் அல்லவா, அவருடையதை நாங்களும் பார்க்கிறோம்.