இறுகிப்போன மைக் கம்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பதிவு செய்யப் போனாலே நுனியில் மைக்கை மாட்டி நீட்டிப் பிடிக்கிற இந்த பூம் கம்பு என்னைப் படுத்தி எடுத்துவிடுகிறது. குழாய்க்குள் குழாயாக நீளும் கம்பு இது; ஒவ்வொரு இணைப்பிலும் திருகிப் பூட்டும் வளையம் ஒன்று. முதல் வளையம் சமர்த்தாகத் திரும்பும். அடுத்ததைத் திருகினால் உடும்புப் பிடி. அது அசையாது, அதற்குக் கீழே இருக்கிற பூட்டுதான் கழன்றுகொள்ளும்!

காரணம் தெரியாமல் இல்லை. செம்பனை லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி மரைக்குள் இறங்குகிறது, கூடவே மழை ஈரம். போதாதென்று, இரவல் வாங்கிப் போகிறவர்கள் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கித் திருப்பித் தருகிறார்கள்.

அப்புறம் யோசனை சொல்ல வருகிறவர்கள். "அண்ணே, பிளையர் கொண்டு வரவா?" தம்பி, இது கார்பன் ஃபைபர், தண்ணீர்க் குழாய் இல்லை. கவ்வி நசுக்கினால் விரிசல் விடும். இன்னொருவர் எண்ணெய்ப் புட்டியோடு ஓடி வருகிறார். எண்ணெய் உள்ளே போனால் பிறகு பூட்டு பிடிக்காது, மைக் நேரே பூசாரி தலையில் இறங்கும். தூசியும் இன்னும் ஒட்டும்.

கடைசியில் ரப்பர்தான் கைகொடுக்கிறது. பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கி, வளையத்தில் ஒரு துண்டு, அதை ஒட்டிக் கீழே உள்ள தடித்த குழாயில் ஒரு துண்டு சுற்றி, நிதானமாக எதிரெதிரே திருக வேண்டும். கழன்றதும் பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்து, துணியால் துடைக்க வேண்டும்.

அதற்குள் உறுமி மேளம் பாதி முடிந்திருக்கும். போன் அடிக்கும். "அண்ணே, கம்பு சும்மாதானே இருக்கு?"