19:19:19 மட்டும் போதாது
"ஹைட்ரோபோனிக்ஸுக்கு (மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் முறை) 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 19 சதவீதம் உள்ளது) தண்ணீரில் கரைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மண்ணுக்குச் சரி, செடி வளரும் மண்ணில்லாத குழாய்க்குச் சரிவராது.

அந்த உரத்தில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன. புதிதாகக் கழுவி வைத்த பிவிசி குழாயில் அந்த வேலையைச் செய்ய யார் இருக்கிறார்கள்? மேலும், அதில் கால்சியம் அறவே கிடையாது. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கும் லெட்யூஸ் கீரையின் இளம் இலை ஓரங்கள் கருகுவதற்கும் கால்சியக் குறைபாடு முக்கியக் காரணம். உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீரில் ஓரளவு கால்சியம் இருக்கும். சிலருக்குக் கீரை தப்பிப் பிழைப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

கால்சியம் நைட்ரேட்டைத் தனிக் கரைசலாகவும், மெக்னீசியம் சல்பேட், பாஸ்பேட் முதலியவற்றை இன்னொன்றாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அடர்த்தியாகவே கலந்தால் ஜிப்சமாக அடியில் படிந்துவிடும் (நானும் ஒரு கேன் அப்படி வீணாக்கியிருக்கிறேன்). முதலாவதைத் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். இரும்புச்சத்து கீலேட் வடிவில் (கரைசலில் படியாமல் கரைந்தே இருக்கும் வடிவம்) இருக்கட்டும், கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை.