குளிசை முடிந்து பதினேழு நாள்

பெரியப்பாவின் கிளினிக் கொப்பியை நான் முதன்முதலாகத் திறந்து பார்த்ததே அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டுதான். ஒரு மாதத்துக்குக் கொடுத்த பிறசர் குளிசை முடிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. காலபோக நெல் வெட்டு நேரம். "தலையிடி கூட இல்லை, நான் சுகமாய்த்தானே இருக்கிறன், வெட்டு முடியட்டும் போவம்" என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பல் விளக்கியவர், ஐந்தரைக்குச் சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாமல் நின்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சுக் குழறியது. பெரியம்மா தேத்தண்ணி பருக்கினார், புரைக்கேறியது. முனி அடித்திருக்கும் என்று ஒருவர் நூல் கட்ட ஆள் அனுப்பினார். இன்னொருவர் அஸ்பிரின் கொடுக்கச் சொன்னார். பிறகு ஓட்டோ பிடித்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஸ்கான் இருக்கும் இடத்துக்கு மாற்றி, படம் எடுத்து முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, எல்லோரும் அவர் மேல் உள்ள அன்பில்தான் செய்தார்கள். ஆனால் கைமீறிப் போனது நேரம்.

இரத்தக்கட்டி மூளைக்குப் போகும் குழாயை அடைத்து வந்த பாரிசவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, ஆகவே மணிக்கூட்டைப் பார்த்து அதைக் குறித்துவையுங்கள். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வெளியில் அதே மாதிரித்தான் தெரியும். அந்த ஆளுக்கு இதே ஊசி உயிருக்கே ஆபத்து. சி.ரி. ஸ்கான் எடுக்காமல் எந்த வைத்தியராலும் இரண்டையும் நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. வீட்டில் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். விழுங்கும் சக்தியும் குறைந்திருக்கும், தண்ணீர் கூடப் பருக்காதீர்கள்.

முகம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால், மூன்றில் ஒன்று போதும், 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. பத்து நிமிடத்தில் தானாகச் சரிவந்தாலும் கட்டாயம் போக வேண்டும், அடுத்த சில நாட்களுக்குள் பெரிதாக வரக்கூடும்.

சரி, இவ்வளவும் செய்தாலும் வன்னியின் தூரம் குறையாது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சந்திக்கு வரவே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இரவில் ஆனை மறிக்கும் வீதிகள் வேறு. நாலரை மணித்தியாலம் எங்களில் பலருக்குப் போதாது. அதனால்தான் நான் ஊசியை விடக் குளிசையைப் பற்றியே கூடக் கதைக்கிறேன். உலகில் பாரிசவாதத்தால் சாகும் நூறு பேரில் 85 பேருக்கு மேல் எங்களைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் ஆட்கள். அதற்குப் பெரிய காரணம் கட்டுக்குள் இல்லாத பிறசர். அதுவோ வலிக்காது, காய்ச்சல் காட்டாது. சுகமாக இருக்கிறேன் என்று குளிசையை நிற்பாட்டுபவர் அந்தக் குளிசையால்தான் சுகமாக இருந்திருப்பார்.

ஆனால் "ஏன் கிளினிக் போகவில்லை" என்று ஏசுவது சுலபம். குளிசை இலவசம், பஸ் காசு இலவசமில்லை. போனால் ஒரு நாள் கூலி போய்விடும். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தை இழுக்கும் அக்காமாரைப் பாருங்கள். பிள்ளைக்கு இருமல் என்றால் ஓடுவார்கள், தங்களுக்குத் தலை சுற்றினால் சேலைத் தலைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். பிறசர் மெசின் அவர்களைத் தேடி வரவேண்டும்.

வரமுடியாத காரியமும் இல்லை. இலங்கை, பங்களாதேசம், பாகிஸ்தான் மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில், பிறசர் உள்ள 2,645 பேரிடம் நடந்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறசர் அளந்தார்கள், சாப்பாட்டையும் குளிசையையும் பற்றிக் கதைத்தார்கள், கூடியவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில், அப்படிச் செய்யாத ஊர்களை விட, பிறசரின் இரண்டு எண்ணில் மேல் எண் சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. ஒரு ஆளுக்குச் சின்னக் கணக்கு. ஊர் முழுக்க இறங்கினால் எத்தனை வீட்டில் கட்டிலில் ஆள் கிடக்காது என்று யோசியுங்கள்.

உப்பையும் சொல்லவேண்டும். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேர்ந்தால் மத்தியானத்துக்குள்ளேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

பெரியப்பா இப்போது பொல்லு ஊன்றி வாசல் வரை வருகிறார். வலது கை இன்னும் மடங்கியபடிதான். சேட்டுப் பொத்தானைப் பெரியம்மாதான் பூட்டிவிடுகிறார்.

எங்கள் கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் கதைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் பிறசர் அளந்து கொப்பியில் எழுதுவது, குளிசை முடியப்போகிறவர்களின் பெயரை முதல் கிழமையே எடுத்துவைப்பது, கிளினிக் நாளில் அவர்களை ஒரே வானில் ஏற்றிப்போவது. கையில் கட்டும் மெசின் இரண்டு வாங்க வேண்டும். எது நம்பிப் பாவிக்கக்கூடியது என்று தெரிந்த தாதிமார், வைத்தியர்மார் யாராவது இதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள்.