கார்புரேட்டரை விட்டுத் தொலைங்கப்பா!

மறுபடியும் அதே கூத்து. பழைய கார், கிளம்பும்போது நல்லாத்தான் போகும். 20 நிமிஷம் ஓடினதும் ரெண்டு குலுக்கு, ஒரு தும்மல், அப்படியே நின்னுடும். பானெட்டைத் தூக்கி 5 நொடி ஆகியிருக்காது, அதுக்குள்ள மெக்கானிக்கோட தீர்ப்பு வந்துடும்: "கார்புரேட்டர்ல குப்பை. கழட்டிடலாம்."

போன மாசம்தானே கழட்டினது! அதுக்கு முந்தின மாசமும்! புது கேஸ்கெட், புது நீடில் வால்வு (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற வழியைத் திறந்து மூடறது) எல்லாம் போட்டாச்சு. ஆனாலும் கழட்டுவாங்க. ஏன்னா பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற இந்தக் கார்புரேட்டர் கைக்கு எட்டுற உயரத்துல உட்கார்ந்திருக்கு. டேங்க் பின்னாடி இருக்கு, நாலடி நடக்கணுமே! யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பக்கத்துல நிக்கறவனுக்கு ஊசி போடற வைத்தியம் இது.

கழட்டறதையாவது ஒழுங்கா செய்யறாங்களா? பெட்ரோல்-காத்து கலவையைச் சரிபண்ற மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவா உள்ளே முறுக்கி, எத்தனை சுத்துன்னு எண்ணிட்டு, அப்புறம்தான் வெளியே எடுக்கணும். எண்ண மாட்டாங்க. பெட்ரோல் பாயற பொடித் துளை, அதாவது ஜெட், அதோட அடைப்பைக் காத்தடிச்சு எடுக்கணும். கம்பியை விட்டுக் குத்துவாங்க. பித்தளை ஓட்டை துளி பெருசானாலே பெட்ரோல் கூடிப்போய் பிளக் கரி பிடிக்கும். அந்தக் கரிக்கும் பழி கார்புரேட்டர் மேலதான். பித்தளை ஃப்ளோட்டை, அதாவது பெட்ரோல்ல மிதக்கற மிதவையை, காதுகிட்ட வெச்சு ஆட்டினா உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கான்னு சத்தத்துலேயே தெரியும். அதை மட்டும் செய்யவே மாட்டாங்க.

இந்தச் சடங்கெல்லாம் முடிய ஒண்ணரை மணி நேரம். மாட்டி ஸ்டார்ட் பண்ணினா உடனே பிடிச்சுக்கும். "பாத்தீங்களா, சொன்னேன்ல!" அடப்பாவி, ஒரு ஸ்பேனரையும் தொடாம ஒண்ணரை மணி நேரம் கையைக் கட்டி நின்னிருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்கும்யா!

வண்டி நின்ன அந்த நிமிஷத்துல பாக்கணும். இக்னிஷனை ஆஃப் பண்ணு. ஏர் கிளீனரை எடு. கார்புரேட்டர் வாய்க்குள்ள பாத்துக்கிட்டே த்ராட்டிலைக் கையால இழு. பெட்ரோல் பீச்சியடிக்குதா? அப்ப ஃப்ளோட் மிதக்கற கிண்ணத்துல, அதாவது ஃப்ளோட் சேம்பர்ல, பெட்ரோல் இருக்கு. பிளக்ல பொறி வரவைக்கற காயில், கண்டென்சர் பக்கம் போ. சூடானா மக்கர் பண்ற கண்டென்சர், பெட்ரோல் வராத மாதிரியே நடிக்கும். (எஸ்.யூ.ங்கற வகை கார்புரேட்டர்ல இப்படிப் பீச்சியடிக்கற ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது, அதுல சேம்பர் மூடியைத் திறந்துதான் பாக்கணும்.)

பீச்சலையா? பெட்ரோல் வந்தே சேரலை. நீடில் வால்வு ஒட்டிக்கிட்டிருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா அதைத்தானே இப்பப் புதுசா போட்டே? காயில் வயரைக் கழட்டிட்டு, பம்ப்ல இருந்து வர்ற ஹோஸை கார்புரேட்டர்கிட்ட உருவி, சூடான இன்ஜின் மேல ஒரு சொட்டு சிந்தாம பாட்டில்ல விட்டு, ஸ்டார்ட்டரைச் சுத்து. துடிச்சுத் துடிச்சு வரணும். குமிழியா வந்தா பம்புக்கு முன்னாடி எங்கேயோ காத்தை உறிஞ்சுது. அந்தப் பக்கத்து ஹோஸ் விரிசல் விட்டா வெளியே ஒழுகணும்னு அவசியமே இல்லை, உறிஞ்சற பக்கமாச்சே! எத்தனால் கலந்த பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. வெளியே வழவழன்னு இருக்கும், உள்ளே செதில் செதிலா உரியும். ஒண்ணுமே வரலைன்னா இன்ஜின் ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாரு. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சா பம்புக்குள்ள இருக்கற சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிஞ்சிருக்கலாம்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, காசே செலவில்லாத ஒரு வேலை. டேங்க் மூடியைத் திற. 'புஸ்ஸ்ஸ்'னு காத்தை உள்ளே இழுக்குதா? கதை முடிஞ்சுது.

பழைய மூடியில காத்துப் போக ஒரு பொடித் துளை இருந்துச்சு. இப்ப இருக்கறது பூட்டு வெச்ச புது மூடி, கச்சிதமா உட்காருது, துளையும் இல்லை ஒண்ணும் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்ல வெற்றிடம் சேருது, பம்ப் இழுத்து இழுத்துத் தோத்துப்போகுது. டேங்க் நிறைய இருந்தா காத்துக்கு இடம் கம்மி, சீக்கிரமே நிக்கும். பாதி இருந்தா இன்னும் கொஞ்சதூரம் ஓடும். நிறுத்தி வெச்சா இண்டு இடுக்கு வழியா காத்து கசிஞ்சு ஏறிடும், வண்டி கிளம்பிடும். இதுக்கு மூணு தடவை கார்புரேட்டர் கழட்டினாங்க. மூணு!

பழைய மூடி எங்கே போச்சாம்? பெட்ரோல் போட்டுட்டு வண்டிக் கூரை மேல வெச்சுட்டு ஓட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. புது மூடி வர்ற வரைக்கும் ஒரு வாரம் கந்தல் துணியைச் சுருட்டி அடைச்சு ஓட்டம். (செய்யாதீங்க, ஒரு பொறி போதும்.) அந்த ஒரு வாரமும் வண்டி எங்கேயும் நிக்கவே இல்லையாம். "அப்பல்லாம் கார்புரேட்டர் நல்லாத்தாங்க இருந்துச்சு."

கோபம்கூட வரலை, சிரிப்புதான் வருது. சரி, அது கிடக்கட்டும். ஏர் கிளீனர் மேல இருந்த விங் நட் எங்கய்யா? கார்புரேட்டர் வாயை எவ்வளவு நேரமா இப்படித் திறந்து போட்டு வெச்சிருக்கீங்க?