ஆர்ட்ஸ்தானே?

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் பழைய அயலவர் ஒருவரைக் கண்டேன். கச்சானைக் கொறித்துக்கொண்டே தொடங்கினார். "தம்பி, மகள் திறந்த பல்கலைக்கழகத்தில சமூக விஞ்ஞானம் படிக்கப்போறாளாம். ஆர்ட்ஸ்தானே, படிச்சு என்ன செய்யிறது?"

அந்த "தானே" எனக்குப் பழக்கம். நானும் அதே பட்டம்தான்.

2005இல், சுனாமிக்குப் பிறகு, மூதூர்ப் பக்கம் கூடாரம் கூடாரமாகக் கணக்கெடுக்கப் போனேன். படிவத்தில் இரண்டாவது கேள்வி: குடும்பத் தலைவர் யார்? எல்லாரும் கணவர் பெயரைச் சொன்னார்கள், நானும் எழுதிக்கொண்டே போனேன். ஒரு ராத்தா மட்டும் மீன் கழுவிய கையைத் துடைத்துவிட்டு, "அவர்ர பேரையே எழுதுங்க தம்பி. ஆனா இந்த வளவுக் காணி என்ட. உம்மா தந்தது" என்றார். பேனை நின்றுவிட்டது. கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதையும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதையும் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதியவன் நான். தலைவர் பெயரில்தான் புதுவீட்டு உறுதிப்பத்திரம் வரும் என்றால் ராத்தாவின் வளவு என்னாகும்? ஓரத்தில் குறித்துவைத்தேன். மேற்பார்வையாளர் ஏசினார், "படிவத்தில இல்லாததைக் கேக்காதே" என்று. தாய்வழி வந்த வளவில் கட்டிய வீட்டுக்குக் கணவன் பெயரில் உறுதி எழுதியது பின்னர் கிழக்கில் பெரிய பிரச்சினையாகவே வந்தது.

எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று தெரிவதும் ஒரு தொழில்தான். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, அவ்வளவுதான். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), ஒருத்தன் வங்கியில், இன்னொருத்தன் வானொலியில்.

அதற்காக அயலவருக்குப் பொய் சொல்லவில்லை. 2017இல் கிழக்கில் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள், அதில் கலைப் பட்டதாரிகள் ஏராளம். சேர் சொல்லச் சொல்ல நோட்ஸ் எழுதி, அதையே பரீட்சையில் கக்கிவிட்டு, அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தால் எந்தப் பட்டமும் அப்படித்தான். (நானும் முதலிரண்டு வருசம் அப்படித்தான் கக்கினேன்.) 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அந்த நேரத்தை வீணாக்காமல் மகளைச் சிங்களம் படிக்கச் சொன்னேன். மூன்று இனமும் கலந்திருக்கிற திருகோணமலையில் அது இல்லாமல் சந்தையில் நின்றுகூட நாலு கதை கேட்க முடியாது. கூடவே புள்ளிவிபரவியல். அதில் தப்பிக்கத்தான் பலர் ஆர்ட்ஸுக்கு ஓடிவருகிறார்கள்!

அவர் உடனே மகளுக்குக் கோல் எடுத்தார். "பிள்ளை, புள்ளிவிபரவியலும் படிக்கோணுமாம்."

"ஐயோ அப்பா, கணக்கா?" என்றது எனக்கே கேட்டது.