ஓய்வுபெற்ற தூதரக அதிகாரிக்கு எந்த நாற்காலி?

வேலையை விட்டுப் போன தூதரக அதிகாரிகளைத் திரும்ப அரசுப் பணிக்குக் கொண்டுவரச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவில் ஓடுகிறது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் அவர்களுடைய வெளியுறவுத் துறை 1,300-க்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. அதில் 246 பேர் வெளிநாட்டுப் பணி அதிகாரிகள். ஓய்வுபெற்றவர்களைத் திரும்ப அழைக்க அவர்களுடைய 1980-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி உண்டு. ஆனால் அழைப்பதா வேண்டாமா என்பது வெளியுறவு அமைச்சர் கையில்.

இதற்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு நிறையவே இருப்பதாகப் படுகிறது.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் பழக்கம் உண்டு, அதுவும் பெரும்பாலும் உச்சாணிக் கொம்பில். பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என்.தீட்சித், சிவசங்கர் மேனன் என்று தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களாக வந்த மூவரும் முன்னாள் வெளியுறவுப் பணிக்காரர்கள். ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார், டாட்டா குழுமத்துக்குப் போனார், 2019 மே மாதம் அமைச்சராக வந்தார். அவர்களுடைய திறமையைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு. தூதர்களுக்குத் திரும்பி வர ஆயிரம் வாசல். தூதரகத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, செத்தவனின் கடவுச்சீட்டை ரத்து செய்து, உடலை ஊருக்கு அனுப்பி, சிறையில் கிடப்பவனைப் போய்ப் பார்த்து முப்பது வருடம் ஓட்டியவருக்கு 60 வயதானதும் ஒரு பொன்னாடை, அதோடு சரி.

நம் மாவட்டத்துக்குத் தேவை இந்த இரண்டாவது ஆள்தான்.

நம்முடைய ஆட்கள் போகிற இடங்களைப் பாருங்கள். சொந்த விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டுகிறார்கள். விசா எடுத்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அரபி முதலாளியின் படகில் மீன் பிடிக்கப் போய், எல்லை தாண்டியதாகப் பக்கத்து நாட்டுக் கடலோரக் காவலிடம் சிக்குகிறார்கள். அப்போது பிடிபட்டவன் இந்தியன், படகு ஒரு நாட்டுக்காரனுடையது, சிறை இன்னொரு நாட்டில். இரண்டு தூதரகங்கள் பேசிக்கொள்ள வேண்டிய விவகாரம் இது. இங்கே குடும்பம் என்ன செய்யும்? முதலில் பங்குத்தந்தையிடம் ஓடும். அப்புறம் நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு. மனு சென்னைக்கும் டெல்லிக்கும் போய், அங்கிருந்து தூதரகத்துக்குப் போவதற்குள் முதலாளி போனை எடுப்பதையே நிறுத்தியிருப்பான்.

2020 கொரோனா நேரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஈரான் துறைமுகங்களில் சிக்கிக்கொண்ட நம் மீனவர்கள் படகிலேயே படுத்து, தண்ணீருக்கும் அரிசிக்கும் திண்டாடினார்கள். ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாசிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்தது. கப்பல் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் யார் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறான், எவனுடைய பாஸ்போர்ட் எந்த முதலாளியிடம் இருக்கிறது என்ற கணக்கை எடுப்பதற்கு ஆள் பழக்கம் வேண்டும். தூதரகத்தில் ஒருவர் மூன்று வருடம் போல இருப்பார். இதெல்லாம் பிடிபடும்போது மாற்றல் வந்துவிடும். வெளியுறவுப் பணியில் சேருகிறவர்களுக்கு அரசு செலவில் ஒரு வெளிநாட்டு மொழி கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படி அரபியும் பாரசீகமும் படித்தவர்களும் ஓய்வுக்குப் பிறகு வீட்டில்தான் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், வளைகுடாவில் இறந்துபோன பையனின் உடல் வராமல் இழுத்துக்கொண்டே போனது. காவல்துறை அறிக்கை, ஸ்பான்சரின் தடையில்லாக் கடிதம், இங்கிருந்து அனுப்ப வேண்டிய அதிகாரப் பத்திரம் என்று எதை முதலில் வாங்குவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தது, வேறொரு ஊரில் ஓய்வில் இருந்த முன்னாள் தூதரக ஊழியர் ஒருவர். வாட்ஸ்அப்பில், இலவசமாக. இது அவருடைய பெருந்தன்மை. அரசாங்கம் பெருந்தன்மையை நம்பி இருக்கலாமா?

எனவே நம் நாட்டிலும் இதற்கு ஒரு சட்டம் வரட்டும். ஆனால் யாரை, எந்த வேலைக்கு, எத்தனை வருடத்துக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அமைச்சருக்கு வேண்டியவர் என்பதற்காக ஒருவரும் திரும்ப வரக்கூடாது. ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் முதல் ஒரு வருடத்துக்குள் தனியார் வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறது. திரும்ப வருகிறவர் இடையில் எந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தார் என்பதையும் வெளியில் சொல்லியாக வேண்டும்.

இளைஞர்களின் பதவி உயர்வு அடிபடும் என்பார்கள். நியாயமான பயம். 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் உயர் பதவிகளில் வெளியாட்களை நேரடியாக அமர்த்த 45 இடங்களுக்கு வந்த விளம்பரம், இடஒதுக்கீட்டுக் கேள்வி எழுந்ததும் சில நாளிலேயே வாபஸ் ஆனது. அதே தப்பை இங்கே செய்ய வேண்டாம். நிரந்தரப் பதவி எதையும் தொடாமல், ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று வருடம், வெளிநாட்டில் சிக்குகிறவர்களின் குடும்பங்களுக்கான உதவி மேசைக்கு மட்டும் எடுக்கலாம்.

அந்த மேசையை டெல்லியில் போடாதீர்கள். குளச்சலிலோ நாகர்கோவிலிலோ ஓர் அறை போதும். வளைகுடாவில் வேலை பார்த்துத் தமிழும் அரபியும் பேசுகிற ஒருவர், தூதரகத்தில் யாரை எந்த நம்பரில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர், வாரத்தில் ஐந்து நாள் உட்காரட்டும். நம் எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் அடுத்த முறை கடற்கரைக்கு வரும்போது கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவோடு சேர்த்து இதையும் கேளுங்கள் மக்களே.